அத்தியாயம் 14: அடிக்காத மணி

போன வாரம் கோயில் மண்டபத்தில் மாக்கிறட் ரீச்சர் எழுந்து நின்று பேசியதைப் படித்துவிட்டு, "அவ சொன்னதில் என்ன பிழை?" என்று கேட்டு எழுதிய வாசகர்கள் பதினொரு பேர். அன்று கைதட்டியவர்கள் கதைக்குள் மட்டும் இருக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. சரி, இருக்கட்டும். இந்த வாரத்தையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மன்னார்த் தீவின் வடகரையில், ஓலைத்தொடுவாய்க்கு அங்காலே ஒரு சின்ன ஊர். கத்தோலிக்கக் கோயில் ஒன்று, கரை ஒன்று, மணி ஒன்று. ஆறு வருடத்துக்கு முன் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த நாலைந்து குடும்பங்கள் ஊரின் கிழக்கு ஓரத்தில் தகரக் கூரை போட்டுத் தனியாக ஒரு ஜெப சபை நடத்துகின்றன. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த மூன்று வீடுகள்கூட மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. பூசை வைக்கிற பங்குச் சுவாமி மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார். அவர் இல்லாத நாளில் நிர்வாகம் கூடியது. மறைக்கல்வி வகுப்பு நடத்துகிறவளும் நிர்வாகச் செயலாளருமான மாக்கிறட் எழுந்தாள்.

"உண்மையான திருச்சபைக்கு அடையாளம் நாலு. ஏகம், பரிசுத்தம், கத்தோலிக்கம், அப்போஸ்தலிக்கம். இதில ஒண்டாவது அந்தத் தகரக் கொட்டிலில இருக்கோ?"

முதலில் கைதட்டியவர் நிர்வாகத் தலைவர் பொனிப்பாஸ். அந்தச் சூட்டோடு சூடாகத் தீர்மானம் ஒன்று வந்தது. சபைக்குப் போகிறவர்களின் வீட்டுச் சாவுக்கு இனிமேல் கோயில் மணி அடிக்கக் கூடாது. சொன்னவளும் மாக்கிறட், எழுதியவளும் மாக்கிறட். பிரதி ஒன்றைக் கடிதமாகச் சபைக்கும் அனுப்பினார்கள்.

அந்தத் தகரக் கொட்டிலில்தான் அவளுடைய கூடப்பிறந்த தங்கை றஞ்சிதாவும் இருக்கிறாள்.

அந்த ஊரில் துக்கமணி என்றால் சும்மா இல்லை. பிரேதம் ஊருக்குள் வந்ததும் மணி அடிக்கும். அடித்தால் மண் போடும்வரை ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. எந்தச் சமயம், எந்தச் சாதி என்று ஒருவரும் பார்த்ததில்லை. மீன் வாங்க வருகிற பவ்ஸானின் வாப்பா மௌத்தான அன்றும் மணி அடித்தது, வள்ளங்கள் கரையில் கிடந்தன. அப்படி இருந்த வழக்கத்தைத்தான் ஒரு கைதட்டலுக்காக மாற்றிவிட்டார்கள்.

தீர்மானம் எழுதிப் பத்து நாள்கூட ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை விடியும் நேரம், றஞ்சிதாவின் மாமனார் கனகசிங்கத்தை ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

மாக்கிறட்டின் கணவர் அருட்பிரகாசம்தான் கோயில் மூப்பர். மணிக்கயிறு அவர் பொறுப்பு. வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு வேலிதான். மாக்கிறட் தேத்தண்ணியோடு போனபோது அவர் மணிக்கூண்டின் கீழ் நின்றிருந்தார். கயிறு வலது கையில் இருந்தது.

"மாக்கிறட், கனகசிங்கத்தாரைக் கொண்டந்திட்டாங்கள். அடிக்கவோ?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கவே தேவையில்லை. முப்பது வருடமாக ஒருவரையும் கேட்காமல் அடித்தவர். ஆனால் கடிதத்தில் இருப்பது பெண்சாதியின் கையெழுத்து.

"தீர்மானம் எடுத்த ஈரம் காயேல்ல. முதல் சாவிலயே உடைச்சா ஊர் சிரிக்கும்."

"மனுசன் எங்கட கிழிஞ்ச வலையெல்லாம் பொத்தித் தந்தவரெல்லே."

"அது வேற, இது வேற. சொந்தக்காரர் எண்டோடன மணி அடிச்சிட்டினம் எண்டு பொனிப்பாஸ் அண்ணை சந்தி சந்தியாச் சொல்லுவார். வேண்டாம். விடுங்கோ."

அருட்பிரகாசம் கயிற்றை மெல்ல ஆணியில் கொழுவினார்.

வீட்டு வாசலில் மகன் றொசாந்தன் எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சித்தப்பா வீட்டில சாவு. நாங்கள் கடலுக்கே போறது அம்மா?"

"மணி அடிக்காத நாளில கரையில நிண்டா அதுக்கும் கதை வரும். போட்டு வாங்கோ. அடக்கம் மூண்டு மணிக்குத்தானே, அப்ப பாப்பம்."

பார்ப்பம் என்றால் போகமாட்டேன் என்று அர்த்தம். மகனுக்கும் அது தெரியும்.

மணி அடிக்காததால் ஊர் முழுக்கக் கடலுக்குப் போனது. கரையில் கிடந்தவை சபைக்காரரின் மூன்று வள்ளங்கள் மட்டும்.

பதினொரு மணிக்கு வாடைக்காற்று திடீரென்று எழும்பியது. மார்கழி மாதம் இப்படித்தான், சொல்லாமல் வரும். கடலில் நின்ற வள்ளங்கள் காற்றோடு ஓடிப் பேசாலைக் கரையில் ஒதுங்கிவிட்டன என்று செய்தி வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் வந்தது. மாக்கிறட் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

ஒரு மணிக்கு வந்தது.

"அம்மா, எஞ்சின் நிண்டிட்டுது. நங்கூரம் பிடிக்குதில்ல. முன் அணியத்தால தண்ணி ஏறுது. அப்பாவும் நானும் இறைச்சுக்கொண்டிருக்கிறம். கோயிலுக்கு நேர வெளிய, ஒரு மூண்டு மைல் வரும். ஆரையாவது அனுப்புங்கோம்மா, கெதியா..."

போன் நின்றுவிட்டது.

பொனிப்பாஸுக்கு எடுத்தாள். அவருடைய வள்ளமும் பேசாலையில்தான். "நேவிக்கு அறிவிச்சிருக்கிறன் ரீச்சர், வர ஒரு மணித்தியாலம் செல்லுமாம். செபம் பண்ணுங்கோ," என்றார். செபம் பண்ணச் சொல்ல அவளுக்கு இன்னொரு ஆள் தேவையில்லை. வள்ளம்தான் தேவை. வள்ளம் எங்கே கிடக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

செருப்பும் போடாமல் மணலில் ஓடினாள். ஊரின் கிழக்கு ஓரம்வரை ஓடினாள்.

தகரக் கூரை காற்றில் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆறு வருடத்தில் அவள் ஒருநாளும் அந்த வாசலை மிதித்ததில்லை. உள்ளே முப்பது முப்பத்தைந்து பேர். நடுவில் பெட்டி. தலைமாட்டில் பாஸ்டர் வேதாகமத்தை விரித்துப் பிடித்திருந்தார். அவள் வாசலில் நிழலாகத் தெரிந்ததும் வாசிப்பு நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது.

றஞ்சிதா எழுந்தாள். அழுது வீங்கியிருந்த அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அக்கா வந்திட்டா!" பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து உலுக்கினாள். "நான் சொன்னனான் தானே சுவேதினி, என்ர அக்கா வராமல் இருக்கமாட்டா எண்டு."

சுவேதினி அவசரமாக ஒரு கதிரையைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "இருங்கோ ரீச்சர். முகத்தைப் பாருங்கோ. நித்திரை மாதிரிக் கிடக்கிறார்."

ஊரார் முன்னால் கன்னத்தில் அறை வாங்கியிருந்தாலும் மாக்கிறட்டுக்கு இவ்வளவு கூசியிருக்காது. அழ வந்தவள் என்று நினைத்துக் கதிரை போடுகிறார்கள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தக் கதிரையில் இருந்துவிட்டு, இரண்டு துளி கண்ணீர் விட்டுவிட்டு, பிறகு கேட்கலாமா என்றும் அவளுக்கு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பை அவள் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

"இல்ல றஞ்சி... நான் வந்தது... அவரும் றொசானும் கடலில. எஞ்சின் நிண்டிட்டுதாம், தண்ணி ஏறுதாம். கரையில வேற வள்ளம் இல்ல. உங்கட மூண்டுதான் கிடக்கு."

றஞ்சிதாவின் முகத்தில் வந்த வெளிச்சம் அப்படியே வடிந்ததை மாக்கிறட் பார்த்தாள்.

பாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "சகோதரி, ஆராதனை பாதியில நிக்குது. ஒரு பத்து நிமிசம். நிறைவு ஜெபத்தைச் சொல்லிப்போட்டு..."

"பாஸ்டர்," என்றான் சாந்தரூபன். செத்தவரின் ஒரே மகன். றஞ்சிதாவின் கணவன். "அப்பா எங்கயும் போகமாட்டார்."

வெள்ளைச் சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டான். குனிந்து தகப்பனின் காலைத் தொட்டான். அவ்வளவுதான், வெளியே நடந்துவிட்டான். பின்னால் ஐந்து பேர் எழுந்தார்கள். ஒருவரும் மாக்கிறட்டைப் பார்க்கவில்லை, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பாஸ்டர் வேதாகமத்தை மூடிவைத்தார். அவர் காது சிவந்திருந்தது. பிறகு அவரும் வள்ளம் தள்ளப் போனார்.

இரண்டு வள்ளங்கள் அலையைப் பிளந்துகொண்டு போனதை மாக்கிறட் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு எங்கே போவது? வீட்டில் தனியே இருக்க முடியாது. கரையில் நிற்கக் கால் விடவில்லை. திரும்பிவந்து அந்தக் கதிரையிலேயே இருந்தாள்.

பெட்டிக்குள் கனகசிங்கத்தார் கிடந்தார். சொந்த இடம் வெள்ளாங்குளம். போன மாதம்தான் மூப்பரின் வலையைப் பொத்திக் கொண்டுவந்து நேர்த்தியாக மடித்து வைத்துவிட்டுப் போனவர். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ என்று அவள் சொல்லவில்லை. சபைக்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்தால் அதற்கும் ஒரு கதை வரும் என்று பயந்திருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த ஊர் வாயில் பாதி தன்னுடைய வாய்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

பெண்கள் கைகளை உயர்த்தி ஜெபித்தார்கள். "ஆண்டவரே, மூப்பர் அண்ணையைக் காப்பாற்றும். றொசாந்தன் பிள்ளையைக் காப்பாற்றும்." பெயர் சொல்லிச் சொல்லிக் கேட்டார்கள். செத்தவரை மறந்தேவிட்டார்கள். மாக்கிறட் சீலைத் தலைப்புக்குள் கையை ஒளித்துச் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வெளியில எடு அக்கா," என்றாள் றஞ்சிதா மெல்ல. "இஞ்ச ஒருத்தரும் உன்னைப் பிடிச்சுத் தின்னமாட்டினம்."

மாக்கிறட் எடுத்தாள்.

"திருச்சபை எதற்காக?" என்று அவள் ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகளைக் கேட்பாள். பதிலையும் அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். ஒருவன் தடக்கினாலும் பிரம்பைத் தட்டுவாள். இன்றைக்கு அந்தப் பதில் அவளுக்கு ஒரு சொல்கூட வரவில்லை. எதிரே கதிரைகளில் ஆறு வெள்ளைச் சேட்டுகள் கிடந்தன. வாசலில் ஆறு சோடிச் செருப்பு. நாலு அடையாளம் கேட்டவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

றஞ்சிதா பக்கத்தில் நெருங்கி வந்திருந்தாள்.

"அக்கா, அந்தக் கடிதம் வந்த அண்டைக்கு நான் இரவிரவா அழுதனான். உன்ர எழுத்தெண்டு பார்த்தோடன தெரிஞ்சுபோச்சு. பிறகு யோசிச்சுப் பார்த்தன். கையெழுத்து வடிவெண்டு உன்னட்டக் குடுத்து எழுதுவிச்சிருப்பினம். நீ மனம் ஒத்துச் செய்திருக்கமாட்டாய். என்ன?"

இதோ கதவு திறந்திருக்கிறது. உள்ளே போய் உண்மையைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. மாக்கிறட் வாயைத் திறந்தாள்.

"ம்," என்றாள்.

அந்த ஒரு எழுத்துக்காக அவள் வெட்கப்பட்டதைப்போல, மண்டபத்தில் பேசிய அவ்வளவு பேச்சுக்கும் சேர்த்து வெட்கப்படவில்லை.

நாலேகாலுக்கு வள்ளங்கள் திரும்பின. மூன்று வள்ளம் வந்தது. கடைசி வள்ளம் கயிற்றில் இழுபட்டு, பாதி தாழ்ந்து வந்தது. அருட்பிரகாசம் தானே இறங்கினார். றொசாந்தனை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. மாக்கிறட் கடலுக்குள் இடுப்பளவு இறங்கி மகனைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. தாய்தானே.

வெட்கம் கொஞ்சம் பின்னால் வந்தது. சாந்தரூபனின் உள்ளங்கை இரண்டும் இழுவைக் கயிற்றில் தோலுரிந்து இரத்தமாக இருந்தன. அவன் மூப்பருக்கு முன்னால் வந்து நின்றான். பேசாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஓடிவந்த ஊராட்களும் சுற்றி நின்றார்கள்.

"அண்ணை, நான் சண்டைக்கு வரேல்ல. ஒண்டு கேக்கிறன். காலமை அந்த மணி அடிச்சிருந்தா நீங்கள் கரையில நிண்டிருப்பியள். நாங்களும் இந்நேரம் அப்பாவை அடக்கியிருப்பம். ஆறு வருசம், உங்கட எந்தச் சாவுக்கு எங்கட வள்ளம் இறங்கினது?"

ஒரு சாவுக்கும் இறங்கியதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அருட்பிரகாசம் தலையைக் குனிந்தார். "ஓம் தம்பி. கயிறு என்ர கையிலதான் இருந்தது. பிழை என்ர."

மாக்கிறட்டின் பக்கம் அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். துடைக்க வாங்கிய துவாயைக் கையில் வைத்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றவள், காலையில் "வேண்டாம், விடுங்கோ" என்று சொன்ன அதே வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. ஊரே நிற்கிறதே என்று நாக்கு பின்வாங்கியது.

றஞ்சிதா வந்து அவள் தோளைப் பிடித்தாள். "அத்தானிலயும் எனக்குக் கோவம் இல்ல அக்கா. அவரும் பாவம், நிர்வாகம் சொன்னதைத்தானே செய்தவர். நீ வீட்ட போய்ப் பிள்ளையைப் பார்."

பொழுது சரியத் தொடங்கியிருந்தது. பொதுமயானம் நெடுந்தூரம். அடக்கத்தை மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தள்ளிவைத்தார்கள். செத்த மனிதர் இன்னொரு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் றொசாந்தன் போர்த்துக்கொண்டு படுத்திருந்தான். அருட்பிரகாசம் குளித்து, வேட்டி மாற்றினார். மாக்கிறட் சோறு போடவா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள். அதற்கும் வழியில்லை.

பெரிய கேத்தில் நிறையத் தேத்தண்ணி போட்டுத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பக்கம் நடந்தாள். போன மாதம் ஒரு கோப்பை கொடுக்க மனமில்லாதவள் இன்றைக்குக் கேத்திலோடு போகிறாள். எங்கே கொண்டுபோய் ஊற்றினாலும் அந்த ஒரு கோப்பைக்கு ஈடாகாது.

ஆறு மணி ஆகிற நேரம். சபையில் பெண்களுக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது மணி அடித்தது.

அந்திச் செபத்துக்கான திரிகால மணி என்றுதான் முதலில் நினைத்தாள். அது மூன்று மூன்றாக அடிக்கும். இது ஒன்று அடித்தது, நின்றது. பிறகு ஒன்று, நின்றது. சபையில் ஒருவர்பின் ஒருவராகத் தலை நிமிர்ந்தார்கள். காற்று தணிந்ததும் பேசாலையிலிருந்து வள்ளங்களைத் திருப்பிக் கொண்டுவந்து, கரையில் நாளைக்கு வலை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததை மணலில் போட்டுவிட்டு எழுந்து நின்றது வாசலால் தெரிந்தது.

துக்கமணி. அவளைக் கேட்கவில்லை, ஒருவரையும் கேட்கவில்லை. அந்த மனுசன் போய் அடிக்கிறார்.

சாந்தரூபன் கட்டுப்போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். பகல் முழுக்க அழாதவன்.

சுவேதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அதே கதிரையை மறுபடி இழுத்துப் போட்டாள். "இருங்கோ ரீச்சர். நீங்கள் சொல்லித்தானே அடிக்கினம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்."

றஞ்சிதா அக்காவின் கையைப் பிடிக்க வந்தாள்.

மாக்கிறட் கையை இழுத்துக்கொண்டாள். கேத்திலைக் கீழே வைத்தாள்.

"நான் சொல்லேல்ல," என்றாள். குரல் அவளுக்கே பழக்கமில்லாத குரலாக வந்தது. "இப்ப அடிக்கிறது அவராத்தான் அடிக்கிறார். காலமை அவர் அடிக்கத்தான் நிண்டவர். கயிற்றைக் கையில பிடிச்சுக்கொண்டு என்னைக் கேட்டவர். வேண்டாம் எண்டது நான். கரையில தன்ர பிழை எண்டு சொன்னது பொய், எனக்காகச் சொன்னவர். அந்தக் கடிதமும் ஒருத்தரும் எழுதச் சொல்லி நான் எழுதேல்ல. நான்தான் சொன்னனான், நான்தான் எழுதினனான்."

மணி ஒன்று அடித்தது.

"உன்னைக் கேட்டவரோ?" றஞ்சிதாவின் குரல் கீழே எங்கேயோ இருந்து வந்தது.

"ஓம்."

"மத்தியானம் நான் கேக்கேக்க ம் எண்டனியே அக்கா?"

"ஓம்."

றஞ்சிதா திட்டவில்லை, அழவில்லை. பெட்டியின் தலைமாட்டுக்குப் போய் அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. பொனிப்பாஸ். உள்ளே வராமல் வாசலுக்கு வெளியே நின்று கத்தினார்.

"ரீச்சர்! மூப்பருக்கு விசரே? ஆரைக் கேட்டு மணி அடிக்கிறார்? தீர்மானம் எண்டு ஒண்டு கிடக்கு, அதில உங்கட கையெழுத்தும் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை சுவாமி வரேக்க அந்தக் கடிதத்தை அவர் கையில குடுப்பன். மூப்பராவும் அவர் இருக்கமாட்டார், ரீச்சராவும் நீங்கள் இருக்கமாட்டியள். சொல்லுங்கோ, ஆரைக் கேட்டவர்?"

மாக்கிறட் வாசலுக்கு நடந்தாள்.

"காலமை என்னைக் கேட்டவர் அண்ணை. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அதுதான் இப்ப ஒருத்தரையும் கேக்கேல்ல. சுவாமியிட்டக் குடுங்கோ. நானும் வாறன்."

பொனிப்பாஸ் மோட்டார் சைக்கிளைக் கோயில் பக்கம் முறுக்கினார். மூப்பரின் கையிலிருந்து கயிற்றைப் பறிக்கப் போகிறாரோ என்னவோ. மாக்கிறட் தானும் அங்கே ஓட வேண்டும் என்று வெளியே காலை வைத்தாள். இனி இந்த வாசலுக்கு வர முகம் இல்லை. பழக்கதோசத்தில் பின்னால் கதவை இழுத்துச் சாத்தப் போனாள்.

"அக்கா."

றஞ்சிதா திரும்பவில்லை. பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கதவைச் சாத்தாத. மாமாவுக்கு மணி கேக்கட்டும்."